சாதுவான பச்சை

எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு பச்சை வளர்ந்துகொண்டிருந்தது. இலைப் பச்சை இல்லை, பாசிப் பச்சையும் இல்லை. வேகவைத்த நொய்யின்மேல் முதலில் வெள்ளைப் பஞ்சாகப் படரும். அப்புறம் ஒரு காலையில் கதவைத் திறந்தால், பச்சைப்பயறின் தோல் நிறத்தில் பை முழுக்கத் தூள் பூத்திருக்கும். சத்தமில்லை. வாசனை என்று சொல்ல ஈர மண் மாதிரி ஏதோ ஒன்று. அந்த அறையைத் தாண்டிக் கொல்லைக்குப் போகும்போதெல்லாம் உள்ளே யாரோ மூச்சுவிடுவதாகவே எனக்குப் படும். நான் எதையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை. பஸ் டிக்கெட்டைக்கூடத் திருப்பிப் பார்ப்பேன். இருந்தும் அந்த அறையை ரொம்ப நாள் நம்பினேன். எல்லாரும் நம்பினார்கள்.

கரும்பின் வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவைக் கொல்கிற பூஞ்சாணம் அது. மண்ணில் சேர்த்தால் புழுவின் தோலில் ஒட்டி முளைத்து, உள்ளே இறங்கி, அதை விறைக்கவைத்து, மேலே தன் பச்சையைப் போர்த்திவிடும். கச்சிராயபாளையத்தில் கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற தோட்டங்களில் கரும்பைத் தூரோடு பிடுங்கினால் சில சமயம் அப்படி ஒரு புழு வரும், துணி சுற்றிப் புதைத்த பொம்மை மாதிரி. என் மனைவி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டியிருக்கிறாள். அவளும் தெருவில் இன்னும் இரண்டு பெண்களும் பயிற்சிக்குப் போய்வந்து ஆரம்பித்த தொழில். பாலுக்கு உறைமோர் மாதிரி, தாய் வித்து வாங்கிவருவார்கள். நொய்யை வேகவைத்துப் பையில் போட்டு, வித்தைத் தூவி, வாயில் பஞ்சு அடைத்துக் காத்திருப்பார்கள். பச்சை முற்றியதும் உலர்த்திச் சலிக்க வேண்டும். சலிக்கிற வேலை மட்டும் அவளுடையது. அந்தக் கைப்பக்குவம் தங்களுக்கு வராது என்று மற்ற இருவருமே சொல்வார்கள்.

இதற்கு முன்னால் அடித்த மருந்துகளை நாங்கள் நடத்திய விதம் வேறு. ரசாயன பாட்டில் வீட்டு வாசலைத் தாண்டாது. மோட்டார் கொட்டகையில் கட்டித் தொங்கும். வாயில் துண்டு கட்டாமல் யாரும் தொடமாட்டார்கள். அடித்துவிட்டு வாய்க்காலில் முங்கி எழுந்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார்கள். ஒருதடவை அவள் தம்பி, என் மச்சான், காற்றுக்கு எதிராக நின்று அடித்துவிட்டு வரப்பிலேயே சுருண்டு விழுந்தான். நுரை தள்ளிய அவன் வாயைத் துடைத்தது அவள்தான். அன்றிலிருந்து அந்த பாட்டில்கள்மேல் அவளுக்கு ஒரு தனிப்பகை. ஆகவே பச்சைத் தூள் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வரவில்லை. உறவுமுறை சொல்லிக்கொண்டு வந்தது.

"இது உசிரு இருக்கற மருந்து மாமா," என்றான் மச்சான். "புழுவத் தவிர ஒண்ணியும் பண்ணாது. சாது."

சாதுவுக்கு வெயில் ஆகாது, செத்துப்போகும். அதனால் ஜன்னல்களில் ஈரச் சாக்கு. வெளிக்காற்று வந்தால் கறுப்புப் பூஞ்சை புகுந்து பை கெட்டுவிடும். அதனால் கதவு சாத்தியே இருக்கும். மின்விசிறி போட்டால் தூள் பறந்து வீணாகும். அதனால் அதுவும் இல்லை. எல்லாம் அதன் சௌகரியத்துக்கு. நடுவில் ஒரு பெண் சல்லடையோடு உட்கார்ந்திருப்பாளே என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை. சலிக்கத் தொடங்குமுன், பிசைந்த மாவின்மேல் அவள் அம்மா வீட்டில் போடுவதுபோல, விரலால் தட்டிலுள்ள தூளில் ஒரு சிலுவை வரைவாள். அந்தக் கோட்டிலிருந்தே பச்சைப் புகை ஒன்று எழும்பி அவள் முகத்துக்குப் போகும். வாயில் துண்டு கிடையாது. சாதுவின் முன்னால் எதற்குத் துண்டு?

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. டவுன் பஸ்ஸில் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். அதனால் வேலைநாட்களில் அவளுடைய சாயங்காலங்கள்தான் எனக்குப் பழக்கம். அவை மெல்ல மாறின. முதலில் வறட்டு இருமல். பிறகு உடம்பில் ஒரு கணகணப்பு. நெஞ்சின்மேல் யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது என்றாள். மாடிப்படியில் பாதியில் நின்று முந்தானையைச் சரிசெய்வாள். சரிசெய்ய அங்கே ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். மறுநாள் விடிந்தால் எதுவுமே நடக்காததுபோல் நொய் களைந்துகொண்டிருப்பாள்.

பக்கத்து டாக்டர் சளி எடுத்துப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார். காசநோய் இல்லை என்றார். "வூட்டுக்காரரு இன்னா வேலை?" என்று கேட்டார். அச்சாபீஸ் என்றதும் அவர் முகம் தெளிந்தது. மை நெடி சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும், சிலருக்கு ஆகாது. கொஞ்ச காலம் நான் கொல்லையில் நின்று சட்டையைக் கழற்றிவிட்டு, வெற்றுடம்போடு என் வீட்டுக்குள் நுழைந்தேன். தெருப் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். இருமல் நிற்கவில்லை.

அப்போதிலிருந்து எனக்கு எல்லாவற்றின்மேலும் சந்தேகம். கரும்புச் சோகை எரிக்கிற புகைமேல். கரும்பு லாரி கிளப்பிவிடும் புழுதிமேல். பக்கத்து வீட்டுப் பூனைமேல், தலையணைப் பஞ்சுமேல், அவள் தலையில் வைக்கும் மல்லிகைமேல். சந்தேகம் ஒரு டார்ச் லைட் மாதிரி. எங்கே அடித்தாலும் அங்கே ஏதோ அசைகிறது. பின்னறைப் பக்கம் மட்டும் நான் அடிக்கவில்லை. அங்கே இருந்தது சாது.

அந்த நேரத்தில் கல்வராயன் மலையில் நர்ஸ் வேலை பார்க்கும் அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. இவள் ஒத்தாசைக்குப் புறப்பட்டாள். மலைக் குளிருக்கு இருமல் ஜாஸ்தியாகும் என்று எல்லாரும் தடுத்தார்கள். நானும்தான். கம்பளி, விக்ஸ், கஷாயப் பொடி எல்லாம் கட்டிக்கொடுத்து பஸ் ஏற்றினேன்.

மேலே போன மூன்றாம் நாளோ நான்காம் நாளோ போனில் பேசினாள். குழந்தையின் மூக்கு யார் மாதிரி என்பதில் தொடங்கி, தங்கையின் மாமியார் சமையல், கடுக்காய் மரத்தில் குரங்கு, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சண்டை என்று போய்க்கொண்டே இருந்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தது விஷயத்தை அல்ல. நடுவில் எங்குமே அவள் நிற்கவில்லை.

"இருமல் எங்க?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "ஆமா இல்ல? காணோம். பனி இங்க கால்மாட்டுல படுத்துக்கினு இருக்குது, எனக்கு ஒண்ணியும் இல்ல." பிறகு சிரித்தாள். "வூட்ட வுட்டு வந்தா நல்லா ஆயிடுதுன்னா, வூட்டுல இருக்கற சாமான்லதான் கோளாறு. நீங்கதாங்க."

நான் போனை வைத்துவிட்டுப் பின்னறையைப் பார்த்தேன். கதவின் கீழ் இடுக்கில், சிமெண்டுத் தரையில், மெல்லிய பச்சைக் கோடு ஒன்று வெளியே வந்திருந்தது. தினமும் பெருக்குகிறவள் ஊரில் இல்லை.

அவள் திரும்பி வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோவிலுக்குப் போய்வந்து, முற்றிக் காத்திருந்த பைகளையெல்லாம் பிரித்து, மத்தியானம் முழுக்கச் சலித்தாள். நான் வீட்டிலேயே இருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைவிட வேவு பார்த்தேன் என்பதே சரி. விளக்கு போடும் நேரத்துக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோள்களை உயர்த்தி உயர்த்தி மூச்சை உள்ளே இழுத்தாள். ஆழமில்லாத கிணற்றில் வாளியை விட்டு மொள்வதுபோல் இருந்தது.

"அந்தத் தூள்தான்," என்றேன்.

"நேத்து பஸ்ல வந்த அலுப்பு."

"தூள்தான்டி."

"நீங்க பூனயச் சொன்னீங்க. பூவச் சொன்னீங்க. இப்ப என் பொழப்பச் சொல்றீங்க." பேச முடியாமல் நிறுத்தினாள். கண்ணில் கோபம் மட்டும் நிற்காமல் பேசியது.

மச்சானைக் கூப்பிட்டேன். வந்தவன் தாய் வித்துக் கவரையே எடுத்துவந்து என் முன்னால் நீட்டினான். அதில் அச்சடித்திருந்தது: பாலூட்டிகளுக்குப் பாதுகாப்பானது. "படிங்க மாமா, அச்சடிக்கறவருதான நீங்க." நான் படித்தேன். அச்சடிக்கிறவன் என்பதால்தான் எனக்கு அச்சை நம்பத் தெரியாது. பாலூட்டி என்றால் யார்? மாடு, ஆடு, எலி, அச்சகத்திலிருந்து பஸ்ஸில் வருகிற நான், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற இவள். இத்தனை பேரையும் ஒரே சொல்லில் அடைத்து மூடி போட்டிருந்தார்கள். அதே கவரின் அடியில், இன்னும் சின்ன எழுத்தில், கையாளும்போது முகக்கவசம் அணியவும் என்றும் இருந்தது. அந்த வரியை மச்சான் விரலால் மூடிக்கொண்டிருந்தான், தெரியாமல்தான். விரலை நகர்த்திக் காட்டினேன்.

"அது எல்லாத்துலயும் போடறதுதான்," என்றான். "உப்பு பாக்கெட்டுல கூடப் போடுவான்."

என்னிடம் ஆதாரம் இல்லை. அதனால் நானே ஆதாரம் ஆவது என்று முடிவு செய்தேன். அடுத்த விடுமுறையில் அவளை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, விசிறி இல்லாமல், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சலித்தேன். கண்ணிமையில், காது மடலில், மீசையில் பச்சை. தொண்டையில் அது இறங்குவது தெரிந்தது. சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்து காய்ச்சலுக்காகக் காத்திருந்தேன். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பசித்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன். அடுத்த நாளும் சலித்தேன், அதற்கடுத்த வாரமும். ஒன்றுமில்லை.

"இன்னா மாமா, சாவலியா?" என்றான் மச்சான்.

அவள் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "இப்ப சொல்லுங்க," என்றாள் மெதுவாக. "ஒரே தூளு, ஒரே ரூமு. ஒங்களுக்கு ஒண்ணும் ஆவல. அப்ப கோளாறு எங்கிட்டதான?"

கள்ளக்குறிச்சியில் நெஞ்சு டாக்டரிடம் போனபோது ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் தூளைக் கொண்டுபோனேன். மேசையில் வைத்து மூடியைத் திருகியதும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "மூடுங்க சார், மூடுங்க. அப்படியே பையில போடுங்க." பிறகு அவளிடம் வரிசையாகக் கேட்டார். எப்போது வருகிறது, எப்போது போகிறது, எங்கே போனால் வருவதில்லை. மலைக்குப் போன கதையைச் சொல்லச் சொல்லி இரண்டு தரம் கேட்டார். அதுவரை எங்களிடம் யாரும் அந்தக் கதையை முழுதாகக் கேட்டதில்லை.

"பூஞ்சாணம் உங்க நுரையீரல்ல முளைக்கலம்மா, பயப்படாதீங்க," என்றார். "நல்லா இருக்கற மனுஷ ஒடம்பு சூட்டுல அது சாதாரணமா வளராது. எதிர்ப்பு சக்தி ரொம்பக் கம்மியா இருக்கறவங்களுக்குத்தான் அந்தக் கவலை. உங்க விஷயம் நேர் எதிர். தூளு உள்ள போனா அத முழுங்கறதுக்குன்னே நெஞ்சுல காவல்கார செல்கள் இருக்கு. மொதல்ல சும்மா முழுங்கிட்டு விட்டுடும். தெனமும் போய்க்கிட்டே இருந்தா, சில பேரு ஒடம்பு ஒருநாள் அத எதிரின்னு முடிவு பண்ணிடும். அப்புறம் ஒரு சிட்டிகை போனாலும் முழுப் படையும் வந்துடும். காய்ச்சல், இறுக்கம் எல்லாம் அந்தப் படை பண்ற வேலை."

"அப்ப எனக்கு?" என்றேன்.

"உங்க ஒடம்பு இன்னும் முடிவு பண்ணல."

அந்த வாக்கியம் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. இன்றும் எழுந்து போகவில்லை.

ஆனால் கிளம்புமுன் டாக்டரை நான் விடவில்லை. அப்படியானால் இந்தத் தூள்தான் என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அவர் தலையாட்டினார், இல்லை என்று. எலிகளுக்கு இதை வாய்வழி கொடுத்தபோது பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்றும், இந்த இனத்துப் பூஞ்சாணச் சாறு மூச்சுவழி போனபோது எலிகளின் மூச்சுக்குழாய் ஆஸ்துமா வந்ததுபோல் வீங்கியது என்றும் படித்திருக்கிறாராம். "ஆனா இவங்க பையில வேற பூஞ்சாணமும் கலந்திருக்கலாம், அரிசித் தூசி இருக்கலாம். எதுவா இருந்தாலும் அந்த ரூம்ல இருக்கு. ரூமை விடணும். இப்படியே போனா நெஞ்சு தழும்பாயிடும், அப்புறம் மாத்திரைக்கு வேலை இல்ல." கொஞ்ச நாளைக்கு மாத்திரையும் உறிஞ்சுகிற மருந்தும் எழுதினார்.

பயிற்சி கொடுத்த அம்மாவுக்கு நான் போன் செய்தேன். "மாஸ்க் போடணும்னு அன்னிக்கே சொன்னேனே சார்," என்றார். சொல்லியிருப்பார். ஆனால் அன்று அவர் வெறுங்கையால் தூளை அள்ளிக் காட்டிக்கொண்டே சொன்னதாகவும், பார்த்ததுதான் மனதில் நின்றது, கேட்டது நிற்கவில்லை என்றும் என் மனைவி சொன்னாள். யாரைக் குற்றம் சொல்ல? நான் எல்லாரையும் சொல்லிப் பார்த்தேன். யார்மேலும் முழுதாக ஒட்டவில்லை.

வீட்டில் கூட்டம் போட்டோம். மச்சானும் தொழிலில் பங்குள்ள அந்த இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். தொழிலை நிறுத்த வேண்டும் என்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "நிறுத்திட்டு? மறுபடியும் அந்த பாட்டிலுக்கே போவலாமா? இவன் மறுபடியும் வரப்புல வுழட்டுமா?" தூள்மேல் எனக்கிருந்த சந்தேகத்தால் அந்த பாட்டில்கள் நல்லவையாகிவிடவில்லை.

மச்சான் தொண்டையைச் செருமினான். "ஒண்ணு பண்ணலாம் அக்கா. மாமாவுக்குத்தான் ஒண்ணும் ஆவலியே. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மாமாவே சலிச்சிக் குடுத்துட்டா..."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நல்ல யோசனைதான். நியாயமானதுகூட. அவளுக்காக நான் அதைச் செய்யமாட்டேனா? செய்வேன் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"வேணாம்," என்றாள் அவள். "அவரு ஒடம்பும் ஒருநாளு முடிவு பண்ணும். அப்ப ஒன்னயச் சலிக்கச் சொல்லட்டுமா?"

மச்சான் சட்டை பட்டனைத் திருகினான்.

சலிப்பதே வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். நொய்யோடு ஒட்டியிருக்கிற பச்சையை எதற்குத் தூளாக்க வேண்டும்? வாங்கிப்போகிறவர்கள் தோட்டத்தில் வைத்தே, பையைப் பிரிக்காமல் தண்ணீரை உள்ளே ஊற்றி, அரிசி களைவதுபோல் பிசைந்து, துணியில் வடிகட்டினால் பச்சை தண்ணீரில் இறங்கிவிடும். அதை அப்படியே தொழு உரத்தோடு கலந்து கரும்புத் தூரில் போட்டுக்கொள்ளலாம். பறக்காது. பைகளை வீட்டைவிட்டே வெளியேற்றி மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். பின்னறையை வாயில் கவசம் போட்டுக்கொண்டு நான் ஈரத் துணியால் துடைத்தேன், சுவர், கூரை, கதவிடுக்கு எல்லாம். அவள் அந்தப் பக்கம் வரவில்லை. வாசலில் நின்று, அந்த இரண்டு பெண்களும் வாங்க வருகிறவர்களுக்கு எப்படிப் பிசைந்து காட்ட வேண்டும் என்று சத்தம்போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை என்பதுபோல்.

பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டவர்கள் வாங்க வந்தவர்கள்தான். தூள் என்றால் மூட்டை கட்டி வண்டியில் போட்டுக்கொண்டு போகலாம், மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். நொய்யோடு ஈரப் பை என்றால் சீக்கிரம் போட்டாக வேண்டும். முகம் சுளித்தார்கள். ரிஷிவந்தியம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், ஆரம்பத்திலிருந்து எங்களிடமே வாங்குகிறவர், போன மாதம் மொபெட்டில் வந்தார்.

"இன்னாம்மா, தூளு இல்லியா?"

"தூளு பண்றதில்லீங்க இப்ப. மூச்சு அடைக்குது."

"யாருக்கு?"

"எனக்குத்தாங்க."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பாத்தா நல்லாத்தான இருக்கற. எம் பேரப்புள்ளைங்க அத்தப் பூசிக்கினு வெளயாடுதுங்க, ஒண்ணும் ஆவலியே."

"ஆவறப்போ சொல்லிட்டு ஆவாதுங்க."

"எனுக்குத் தூளுதான் ஆவும். வேற எடத்துல குடுக்கறாங்க." காலிச் சாக்கை மடித்து சீட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அவர் போனால் அந்த ஊரே போகும். அவளுக்கும் அது தெரியும். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வீட்டெதிரே ஓடும் வாய்க்காலைப் பார்த்தேன்.

அவர் மதகைத் தாண்டி, கரும்புக்கு நடுவில் வண்டித்தடத்தில் திரும்புகிற இடத்தில், அவள் வாய்க்கால் கரையில் ஏறி நின்று கத்தினாள்.

"பெரியவரே! எங்க வாங்கினாலும் மூக்க மூடிக்கினு கலக்குங்க! வூட்டுக்குள்ள வைக்காதீங்க! அந்தக் கொழந்தைங்க கையில மட்டும் குடுக்காதீங்க!"

அவ்வளவும் ஒரே மூச்சில். அவர் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் தூக்கினார். சரி என்றா, போ என்றா, தெரியவில்லை. மொபெட் சத்தம் தேய்ந்தது. அவள் கரையிலேயே நின்றாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. அடுத்து வரப்போகிற இருமலுக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. அவள் இறங்கி வீட்டுக்குள் போன பிறகும் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தேன்.